நீல நூல் சிலுவை

அத்தியாயம் 14

விட்ட இடம் இதுதான். பெயின்டர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பெயின்டருடைய அண்ணன் இன்னும் வாயை மூடவில்லை.

ஆலயத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காகக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க ஏறியவர், சாரம் கட்டியிருந்த கயிறு அறுந்து விழுந்து இன்றோடு பத்தொன்பது நாள். "கயிறு பழசு, மாத்தணும்" என்று அவர் சொன்னதையும், "புதுக் கயிறு வியாழக்கிழமைதான் வரும், விழா ஞாயித்துக்கிழமை, ஜெபம் பண்ணியாச்சு, ஏறு" என்று சபைச் செயலாளர் பதில் சொன்னதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் செயலாளர்தான் அந்த அண்ணன். விபத்தைப் பற்றி அரசாங்க அலுவலகத்துக்குச் சபை அனுப்பிய அறிக்கையில், 'பெயின்டரின் கவனக்குறைவே காரணம்' என்று எழுதியதும் அவரேதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இன்று மதியம் மூன்று மணிக்குப் பெயின்டரின் தொண்டையிலிருந்து மூச்சுக் குழாயை எடுக்கப் போகிறார்கள். அவர் தானாக மூச்சு விட்டால் நல்லது. விடாவிட்டால் என்ன என்பதை டாக்டர் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றும் ஒன்றுதான்.

காலை ஆறரை மணிக்குப் பெயின்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. பறக்காமல் இருக்க அதன்மேல் உப்பு ஜாடி.

"கையெழுத்துப் போடுறியா இல்லையா?" என்றாள் மகள்.

"டீ ஆறுது பாரு" என்றாள் தாய்.

"நான் டீயைப் பத்திக் கேக்கல."

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். யாருக்கு எது தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது அவளுடைய தொழில். அப்பாவின்மேல் போட்ட பழியைத் துடைக்க அவளே எழுதிய மனு அது. கயிறு பழையது என்று தெரிந்தே ஏற்றினார்கள் என்று நாலு பத்தியில் எழுதியிருந்தாள். விபத்து நடந்த இருபது நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாளைக்கு அலுவலகம் விடுமுறை. ஆக, இன்று ஐந்து மணிக்குள் பெயின்டரின் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்போ போட்டா கோவத்துல போட்ட மாதிரி ஆயிடும்டி."

"கோவப்படக் கூடாதா?"

"படலாம். ஆனா அதை வச்சுக்கிட்டுப் படுக்க முடியல. முதுகு வலிக்குது."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

தாய் சொன்னது உண்மை. பத்தொன்பது நாளும் படுக்கப் போகும்முன் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்கிறாள். ஆகாரம் கேட்கும் இடம்வரை ஒழுங்காகப் போகும். நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னிப்பதுபோல என்று வரும் அடுத்த வரியில் வண்டி நின்றுவிடும். அந்த வரியில் அவளுக்குக் கொழுந்தன், மச்சான், ஊர், உலகம் எவரும் தெரிவதில்லை. கழுத்தில் டை கட்டி, மார்பில் 'செயலாளர்' என்று பேட்ஜ் குத்தின ஒரே ஒரு ஆள்தான் தெரிகிறார். மீதி ஜெபத்தைச் சொல்லாமலே விளக்கை அணைத்துவிடுவாள்.

"நீயாவது சொல்லிப் பாரேன்" என்று ஒருநாள் மகளிடம் கேட்டாள்.

"நான் அவர்கிட்டப் பேசறதில்ல" என்றாள் மகள், ஏதோ அடுத்த தெரு உறவினரைச் சொல்வதுபோல. "நீ பெரியப்பாகிட்டப் பேசறதில்ல. நான் கடவுள்கிட்டப் பேசறதில்ல. வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு."

இன்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நேத்து பெரியப்பா கடைக்கு வந்தாரு. கண்ணாடிக்குப் பவர் ஏத்தணுமாம். கிட்டத்துல இருக்கிறது தெரியலையாம். படிக்கிறதுக்கான்னு கேட்டேன். இல்ல, அதைவிடச் சின்னதுன்னாரு."

"அதைவிடச் சின்னதா? என்னது?"

"யாருக்குத் தெரியும்? அவரு செஞ்ச தப்பா இருக்கும்."

மனுவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன். அதுக்குள்ள முடிவு பண்ணு."

*

கணவன் படுத்திருக்கும் அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. தையல் மேசை. கிழிந்த விரிப்பு வந்தால் ஒட்டுப் போடுவாள். ஓரம் பிரிந்தால் மடித்து அடிப்பாள். அங்கே எல்லாரும் அவளைத் தையல்காரி என்றே கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக எந்தப் படுக்கையில் யார் படுக்கிறார் என்று அவள் யோசித்ததே இல்லை. விரிப்பு என்றால் விரிப்பு.

விபத்துக்கு இரண்டாம் நாள் பச்சைக் கரை போட்ட ஒரு விரிப்பு மேசைக்கு வந்தது. பச்சைக் கரை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும்தான். ஒட்டுப் போட்டு முடித்தவள், யாரும் பார்க்காதபோது மூலையில் சிவப்பு நூலால் ஒரு சிலுவையைத் தைத்தாள். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லை. இது போய் அவர் படுத்திருக்கும் ஏழாம் கட்டிலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வாயால் பாதியில் நின்ற ஜெபத்தைக் கை முடித்துவிடும் என்று ஒரு நப்பாசை.

பன்னிரண்டு கட்டிலுக்கும் சுற்றுகிற விரிப்பு எந்தக் கட்டிலில் விழும் என்பது சலவைப் பிரிவில் இருக்கிற எவருக்கும் தெரியாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே முப்பத்தொன்று தைத்துவிட்டாள்.

இன்று காலை மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். காலரிலிருந்து குரல்வரை எல்லாவற்றிலும் விறைப்பு. பிரிவில் அவருக்குக் கஞ்சி மேடம் என்று பெயர். கஞ்சி மேடத்துக்குத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

"ஐ.சி.யூ.வுல விரிப்புக்குத் திண்டாட்டம். முப்பத்தொரு விரிப்பு எங்க போச்சுன்னு கேக்கறாங்க. ஸ்டோர்காரர் என்ன சொல்றார்னா, எல்லாம் நீங்க கண்டம் பண்ணினதுதானாம்."

கண்டம் என்றால் இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்குவது.

"நானா?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து புது விதி. கண்டம் பண்ற துணிக்குத் தையல் மேசையில மூலையில சிவப்பு நூலால பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கோடு போடணும். சுத்தறிக்கை வந்துச்சே. படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

சுவரில் ஒட்டியிருந்தது. கீழே அவளுடைய கையெழுத்தும் இருந்தது. மகள் கேட்ட கையெழுத்துக்கு இத்தனை நாளாக யோசிப்பவள், இதைப் படிக்காமலே போட்டிருக்கிறாள். உலகத்தில் பெரும்பாலான கையெழுத்துகள் இப்படித்தான் விழுகின்றன.

புதிதாக வந்த ஸ்டோர்காரர் கடமை தவறாதவர். துணியைச் சாய்த்துப் பிடித்தால் சிலுவையும் குறுக்குக் கோடும் அவருக்கு ஒன்றுதான். சிவப்பு நூல் தெரிந்ததை எல்லாம் நாலாகக் கிழித்துவிட்டார்.

"கிழிச்சு?"

"என்ன பண்ணுவாங்க, தரை துடைக்கத்தான். நாளைக்கு எனக்கு எழுத்துல விளக்கம் வேணும்." கஞ்சி மேடம் போய்விட்டார்.

நடைபாதையில் கூட்டுகிற பெண் தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். குச்சியின் நுனியில் கட்டியிருந்த துணியில் பச்சைக் கரை. கரைக்குப் பக்கத்தில் சிவப்பு நூல்.

"இந்தத் துணி எங்க கிடைச்சுது?"

"ஸ்டோர்ல குடுத்தாங்கக்கா. நல்ல கெட்டித் துணி. தண்ணியை இழுக்குது பாருங்க, அப்படி இழுக்குது." விளம்பரம் செய்வதுபோல் ஒருமுறை துடைத்தும் காட்டினாள்.

தையல்காரி மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இரண்டு வாரமாகத் தைத்த ஜெபத்தை எல்லாம் வாளியில் பிழிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று வந்தது. சீடர்கள் பன்னிரண்டு பேரின் அழுக்குக் காலைக் குனிந்து கழுவி, இடுப்பில் கட்டியிருந்த துணியாலேயே துடைத்தவர் கர்த்தர். தரை துடைப்பது அவருக்கு ஒன்றும் புது வேலை இல்லை. ஏழாம் கட்டிலுக்குப் போக வேண்டும் என்று இவள் விலாசம் எழுதி அனுப்பினாள். அவர் நடைபாதை முழுக்கப் போயிருக்கிறார். ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களின் காலடிவரை போயிருக்கிறார்.

இதைப் பிரசங்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவள் கொட்டாவி விட்டிருப்பாள். தையல் மேசையில், டீ கூடக் குடிக்காத வயிற்றோடு, தானாகத் தோன்றியதால் அது உள்ளே இறங்கியது. தோள்பட்டை ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவ்வளவுதான். ஆனால் பத்தொன்பது நாளில் அதுவே முதல் தடவை.

*

பன்னிரண்டரை மணிக்குச் செயலாளர் சலவைப் பிரிவுக்கு வந்தார்.

அவருக்குப் படியேறும்போதே தொண்டையைச் செருமும் பழக்கம். எங்கே போனாலும் அங்கே ஒரு மைக் இருப்பதாக அவருக்கு நினைப்பு. அவர் கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்தால் பக்கத்துக் கட்டில்காரரின் ரத்த அழுத்தம் ஏறும். அதற்கு அவர் வைத்த பெயர் எழுப்புதல். நர்ஸ் வைத்த பெயர் வேறு.

"ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்மா" என்றார். "சரியா மூணு மணிக்குச் சபையே முழங்கால் போடுது. நான் போனைத் தம்பி தலைமாட்டுல வச்சிடுவேன். அங்க ஆலயத்துல ஒலிபெருக்கியில போட்டுடுவாங்க. குழாயை எடுக்கிற அந்த நேரம், அந்த முதல் மூச்சு, அப்படியே நேரடியா—"

"வேணாம் அத்தான்."

பத்தொன்பது நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் இரண்டு சொற்கள். செயலாளர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இருநூறு பேர் காத்திருக்காங்கம்மா."

"அவரு மூச்சு விடறதை இருநூறு பேர் கேக்கணுமா? எனக்கே கேக்க தைரியமில்ல."

"அது வந்து, ஒரு ஐக்கியத்தோட—"

"அத்தான், கயிறு பழசுன்னு அவரு சொன்னாரா இல்லையா?"

பக்கத்தில் உலர்த்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. செயலாளர் அதைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வலது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி, அதற்குப் பக்கத்து விரலில் இன்னொன்று.

"நான் ஜெபம் பண்ணினேன்மா" என்றார்.

"பண்ணீங்க. கயித்தை மாத்தல."

செயலாளர் பிளாஸ்திரி போட்ட விரல்களை மடித்துக்கொண்டார்.

"கைக்கு என்ன?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அடிபட்ட விரலைப் பார்த்தால் கேட்கிற வாய் அது.

"ஒண்ணுமில்ல. பேப்பர் கிழிச்சிடுச்சு."

முடிக்கும்போது கண்ணை மூடி நாலு வரி சொல்லாமல் அவர் எந்த இடத்தைவிட்டும் போனதில்லை. இன்று சொல்லாமல் போனார். படியிறங்கும்போது செருமல் சத்தமும் கேட்கவில்லை.

*

இரண்டே முக்காலுக்கு அவளை உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிடம்.

பெயின்டரின் நகக்கண்ணில் இன்னும் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நர்ஸ்கள் எவ்வளவோ துடைத்தும் போகவில்லையாம். இயந்திரம் அவருக்காக மூச்சை இழுத்தது, விட்டது, இழுத்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் செயலாளர் நின்றிருந்தார். கையில் போன் இல்லை.

அவள் கணவனின் காலடியில் விரிப்பைச் சரிசெய்தாள். தொழில் புத்தி, கண் நேரே மூலைக்குப் போனது.

அங்கே ஒரு சிலுவை இருந்தது.

அவள் தைத்தது இல்லை. நீல நூல். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மொத்தமும் இடது பக்கம் சாய்ந்து, காற்றில் ஆடுகிற கம்பம்போல் இருந்தது. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. ஊசியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடித்தவனின் வேலை. நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. ரத்தம்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கட்டைவிரலில் பிளாஸ்திரி. மூக்கின்மேல் புதுக் கண்ணாடி, முட்டை முட்டையாகக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டியது. மார்பில் 'செயலாளர்' என்ற பேட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு விரற்கடை நீல நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

படிப்பதைவிடச் சின்னது. ஊசியின் காது.

"முடிச்சுப் போடல, அத்தான்."

"என்னதும்மா?"

"நூல் முனையில முடிச்சே போடல. ஒரு சலவைக்குக்கூடத் தாங்காது."

செயலாளர் தொண்டையைச் செருமவில்லை. வந்த குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."

"எப்போ இருந்து தைக்கிறீங்க?"

"திங்கக்கிழமையிலிருந்து. நீ தைச்சது அதுக்கு முன்னாடி ரெண்டு நாளைக்கு ஒருதரமாவது இந்தக் கட்டில்ல இருக்கும். உன் கைன்னு பார்த்ததுமே தெரியும். சனிக்கிழமை வந்து பார்த்தேன், இல்ல. ஞாயித்துக்கிழமையும் இல்ல. சரி, நீயே விட்டுட்டேன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "நீ விட்டுட்டா அப்புறம் யாரு இருக்கா? என் ஜெபம்தான் உனக்குத் தெரியுமே. சத்தம்தான்."

அவள் குனிந்து அந்த நீல நூலின் நுனியைத் தேடிப் பிடித்தாள். பின்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து, முடிச்சுப் போட்டாள். மீதியைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தரிக்கோலை உள்ளே விடமாட்டார்கள்.

"அந்த அறிக்கையில நான் எழுதினது..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"டாக்டர் வந்தாச்சு. ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்றாள் நர்ஸ்.

*

வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவர். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம்.

அவள் மனசுக்குள் ஆரம்பித்தாள். ஆகாரத்தைத் தாண்டினாள். அந்த வரி வந்தது. வழக்கம்போல அந்த ஆள் வந்து நின்றார். ஆனால் இந்தமுறை அவர் கையில் மைக் இல்லை, ஊசி இருந்தது. காதில் நூல் நுழையாமல் நாக்கை நீட்டிக்கொண்டு குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள். அதற்கடுத்த வரிக்கும் போனாள். ஆமென் வந்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ, அந்தப் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு உட்கார முடிந்தது. இரண்டு கையிலும் சுமந்து வந்த பையை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி. விரல்களில் தழும்பு இருந்தது, கனம் இல்லை.

மூன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது.

"மூச்சு விடறாரு" என்றாள் நர்ஸ். "தானாத்தான் விடறாரு. ஆனா நாளைக்கு இதே நேரம்வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு. யாராவது ஒருத்தர் வாங்க. ஒருத்தர்தான். பேசக் கூடாது."

செயலாளர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போங்க, அத்தான்."

"நானா? நீ போம்மா. நீதானே..."

"நீங்க போங்க. பேசக் கூடாதுன்னு சொன்னாங்க. அதுவும் நல்லதுதான்."

*

மகள் வந்தபோது மணி நாலு ஆகியிருந்தது. தாய் விஷயத்தைச் சொன்னாள். மகள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, நாலு மூச்சு சத்தமாக விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடைப் பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்தாள். ஒன்று மனு. இன்னொன்று ஒரு முழக் கயிறு. நுனி இற்றுப்போய்க் குஞ்சம்போல் விரிந்திருந்தது.

"ஆலயத்துக் கொட்டகையில கிடந்துச்சு. எரிக்கிறதுக்குக் குப்பையில போட்டிருந்தாங்க. கேக்காமத்தான் எடுத்தேன்." தாயின் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே? உள்ள யாரு இருக்கா?"

"பெரியப்பா."

"அவரையா அனுப்பினே? மன்னிச்சுட்டியா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

மகள் மனுவை மடிக்க ஆரம்பித்தாள். "அப்போ இது அவ்வளவுதான். தூக்கிப் போட வேண்டியதுதான்."

"பேனா குடு."

"எதுக்கு?"

"கயிறு பழசுதானேடி? நான் மன்னிச்சா அது புதுசாயிடுமா? உங்கப்பா கவனக்குறைவா ஏறினாருன்னு எழுதியிருக்கு. அது பொய். நாளைக்கு அவரு எழுந்து வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இந்தமுறை நாலு பத்தியையும் படித்துவிட்டுத்தான் போட்டாள்.  காலையில் போட்டிருந்தால் அது கோபத்தில் போட்டதாக இருந்திருக்கும்.

"ஆனா ஒண்ணு. அவரு முதுகுக்குப் பின்னால கொண்டு போகக் கூடாது. அவரு வரட்டும். முதல்ல அவரு படிக்கட்டும்."

"படிக்க விட்டா ஜெபம் பண்ணியே தப்பிச்சுடுவாரு."

"பண்ணட்டும். அவரு முடிச்ச அப்புறம் எடுத்துக்கிட்டுப் போ."

கதவு திறந்தது. செயலாளர் வந்தார். பெஞ்சின் நடுவில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட நடைபாதை நீளமாகத்தான் இருந்தது. போகவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் விரலை அசைச்சான்" என்றார், தரையைப் பார்த்தபடி. "என் கைன்னு தெரிஞ்சுதோ என்னவோ."

மகள் மனுவை நீட்டினாள். அவர் புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வீட்டில் பால் கணக்கைக்கூட ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறவர், உதடு அசையாமல் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே தம்பி மனைவியின் கையெழுத்தை விரலால் தொட்டார். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

மார்பிலிருந்து பேட்ஜைக் கழற்றிக் கயிற்றின்மேல் வைத்தார். பின்னால் குத்தியிருந்த தையல் ஊசி, நீல நூலோடு ஆடியது.

"பேனா இருக்காம்மா?" என்றார் மகளிடம்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. அலுவலகம் ஐந்துக்கு மூடும்; நடந்தால் இருபது நிமிடம்.

பேனா மகளின் கையில்தான் இருந்தது. அவள் விரலை விரிக்கவில்லை.